மிளகுக்கு ஒரு கணக்கு, பனியனுக்கு ஒரு கணக்கு

தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலையில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடிகள், அடியில் காப்பி, ஊடே கொஞ்சம் மலைவாழை. மழையையும் மண்ணையும் நம்பிப் பிழைக்கிற வீடுதான். ஆனாலும், எங்கோ இரண்டு நாட்டு அமைச்சர்கள் போடும் கையெழுத்து மூன்று வழியாக அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

களத்தில் காயும் மிளகின் விலையில், இலங்கையோடும் ஆசியான் நாடுகளோடும் இந்தியா போட்ட ஒப்பந்தங்களுக்குப் பங்கு உண்டு. அடுப்படியில் இருக்கும் ரேஷன் பாமாயில், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த எண்ணெய்ப்பனைப் பழத்தின் எண்ணெய். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் மகனுக்குச் சம்பளம் வருவது லண்டன், சிட்னி, துபாய் ஆர்டர்களால். ‘தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்’ என்ற ஒரே பெயர்தான். அது அந்த வீட்டில் ஒரு கையில் கொடுக்கிறது, இன்னொரு கையில் எடுக்கிறது. கொடுத்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க அவர்களுக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

விலை விழுந்த கதை

வீட்டுக் கணக்கை எழுதுவது அந்த அம்மாதான். பெரியவர் மரம் ஏறுவார், மருந்து வைப்பார், வியாபாரியிடம் பேசுவார். எத்தனை கிலோ போட்டோம், என்ன விலை, பறிகூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்த அம்மாவின் நோட்டில் இருக்கும்.

2016-ல் அவர்கள் 400 கிலோ காய்ந்த மிளகு போட்டார்கள். கிலோ 680 ரூபாய். மொத்தம் 2,72,000. அந்த வருடம்தான் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டார்கள். 2020-ல் அதே 400 கிலோவுக்குக் கிடைத்தது கிலோ 310 ரூபாய். மொத்தம் 1,24,000. கொடியும் மரமும் அதேதான், உழைப்பும் அதேதான். கையில் 1,48,000 ரூபாய் குறைந்தது. ஏணி வைத்துப் பறிக்கும் ஆளுக்குக் கூலி மட்டும் குறையவில்லை, ஏறியிருந்தது.

அந்த இடைவெளியில்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. வாடல் நோயில் போன கொடிகளுக்குப் பதிலாகப் புதுப் பதியன் வைக்கவில்லை. “இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போனா கீழ்த்தோட்டத்தை வித்துரலாம்” என்று பெரியவரே சொல்லும் நிலை வந்தது. மகன் திருப்பூருக்குப் போனதும் அப்போதுதான்.

வத்தலக்குண்டு வியாபாரி சொன்ன காரணம், “வியட்நாம் மிளகு இலங்கை வழியா வருதுங்கய்யா. நான் என்ன பண்ணட்டும்?” என்பது. அது பாதி உண்மை. உலகத்தில் அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். 2016-க்குப் பிறகு அங்கே விளைச்சல் பெருகி, உலகச் சந்தையிலேயே விலை சரிந்தது. எந்த ஒப்பந்தமும் இல்லாவிட்டாலும் விலை ஓரளவு இறங்கியிருக்கும். ஆனால் வெளியே விழுந்த விலை தோட்டத்து வாசல் வரை எவ்வளவு வேகமாக வரும் என்பதை முடிவு செய்வது இறக்குமதி வரி. வியாபாரி சொல்லாமல் விட்ட மீதிப் பாதி அதுதான்.

ஒரே மிளகுக்கு நான்கு விலை

இதை ஒரு கணக்காகப் போட்டால் எளிதில் விளங்கும். வியட்நாம் மிளகு நம் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

எந்தச் சலுகையும் இல்லாமல் வந்தால் மிளகுக்கு இறக்குமதி வரி 70 சதவீதம். ஆக 340 ரூபாய். ஆசியான் ஒப்பந்தப்படி வந்தால், வரி படிப்படியாகக் குறைந்து 2019 முடிவில் 50 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆக 300 ரூபாய். ‘இது இலங்கையில் விளைந்த மிளகு’ என்ற சான்றோடு வந்தால், இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது. ஆக 200 ரூபாய். அந்த வரம்பைத் தாண்டினாலும், ‘சாஃப்டா’ எனப்படும் தெற்காசிய ஒப்பந்தத்தில் 8 சதவீதம்தான். ஆக 216 ரூபாய்.

இதில் 340-க்கும் 200-க்கும் நடுவில் இருக்கும் 140 ரூபாய்தான் எல்லாக் குறுக்கு வழிக்கும் காரணம். வியட்நாம் மூட்டையை இலங்கை மூட்டை என்று காட்டிவிட்டால், ஒரு டன்னுக்கு 1,40,000 ரூபாய் மிச்சம். ஆசை யாரை விட்டது?

இலங்கையோடு போட்ட ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தானது. அப்போது இந்தியப் பிரதமர் வாஜ்பாய், இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்க. 2000 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. எழுதியவர்கள் குறுக்கு வழியை யோசிக்காமல் இல்லை. வேறு நாட்டுப் பொருளை இலங்கையில் இறக்கி அப்படியே இந்தியாவுக்கு அனுப்பினால் சலுகை கிடையாது. அங்கே குறைந்தது 35 சதவீத மதிப்பு கூட்டப்பட்டிருக்க வேண்டும். அதோடு, சுங்கப் பட்டியலில் பொருளின் நான்கு இலக்கத் தலைப்பு எண்ணும் மாறியிருக்க வேண்டும்.

இந்த நான்கு இலக்க எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. முழு மிளகின் தலைப்பு 0904. மிளகுத்தூளுக்கும் அதே 0904-தான். ஆகவே வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, காயவைத்து, சலித்து, அரைத்தே அனுப்பினாலும் அது இலங்கை மிளகு ஆகாது. விதி அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

வனஸ்பதி விஷயத்தில் அதே விதி வேறு மாதிரி வேலை செய்தது. பாமாயிலின் தலைப்பு 1511, வனஸ்பதியின் தலைப்பு 1516. பாமாயிலுக்கு அப்போது இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. அங்கே பாமாயிலை இறக்கி வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் முளைத்தன. ஒப்பந்தம் வந்த முதல் சில வருடங்களில் இலங்கையின் ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியதற்கு வனஸ்பதியும் தாமிரமும் பெரிய காரணம். அந்தப் பொருள்களுக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டதும் ஏற்றுமதியும் இறங்கிவிட்டது. இரண்டு நாட்டு விவசாயிக்கும் அதில் பெரிய பயன் இல்லை. பயன் அடைந்தது வரி வித்தியாசம்தான்.

தடுப்பு போட்டார்கள், ஓட்டையும் இருந்தது

மிளகு விவசாயிகளின் சத்தம் டெல்லி வரை போனது. 2017 டிசம்பரில் மத்திய வர்த்தக அமைச்சகம் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோ 500 ரூபாயை அறிவித்தது. 2018 மார்ச்சில் அதை இன்னும் இறுக்கி, 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யவே தடை என்று ஆக்கினார்கள்.

அறிவிப்பு வந்த வாரம் பெரியவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். “இனி 500-க்குக் கீழ போகாது” என்று மனைவியிடம் சொன்னார். ஆனால் 500 என்பது இறக்குமதி ஆகும் மிளகுக்குச் சொன்ன விலை, அவருடைய மிளகுக்குத் தரும் உறுதி அல்ல. அந்த வித்தியாசம் அடுத்த அறுவடையில்தான் புரிந்தது. வரி இல்லாத வழியில் வருகிறவர், 200 ரூபாய்ச் சரக்குக்கு 500 ரூபாய் என்று பில் போட்டாலும் ஒரு பைசா கூடுதல் வரி இல்லை. அப்படி நடக்கிறது என்று விவசாயிகள் சங்கங்கள் தொடர்ந்து புகார் சொல்லின. மறுபக்கம், பதப்படுத்தி மறுபடி ஏற்றுமதி செய்வதற்காக வரவழைக்கும் நிறுவனங்களுக்கு இந்த விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கிடைத்தது.

2020 செப்டம்பரில் இன்னொரு விதி வந்தது. வெறும் சான்றிதழ் மட்டும் போதாது, அந்தப் பொருள் எங்கே எப்படி உற்பத்தியானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்க வேண்டும், சுங்கத்துறை கேட்டால் காட்ட வேண்டும் என்றார்கள். இலங்கை அரசும் 2019 இறுதியில், வெளிநாட்டு மிளகை இறக்கி மறு ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. அதைக் கேட்டவர்கள் இலங்கை விவசாயிகள்தான். கண்டியிலும் மாத்தளையிலும் மிளகு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. அவருடைய பெயரில் வியட்நாம் சரக்கு வந்தால் அவர் மிளகுக்கும் விலை போகும், கெட்ட பெயரும் சேரும்.

இந்தச் செய்தியைக் கேட்டபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இத்தனை நாளா இலங்கைக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவனும் நம்மள மாதிரி ஏணி புடிச்சு ஏறுறவன்தான்” என்றார்.

மகன் போட்ட கணக்கு

2021-க்குப் பிறகு மிளகு விலை மெல்ல மேலே வந்தது. வளையல் திரும்பி வந்தது. கீழ்த்தோட்டம் தப்பியது. ஆனால் வீட்டில் அடுத்த வாக்குவாதம் மிளகால் வரவில்லை, பனியனால் வந்தது.

2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குச் சில வாரங்கள் கழித்து, ‘எந்த நாட்டோடும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கூடாது’ என்று மனு ஒன்று ஊரில் சுற்றியது. பெரியவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த மகன் தடுத்தான்.

“அப்பா, நீங்க இதுல கையெழுத்துப் போட்டா, என் வேலை வேண்டாம்னு கையெழுத்துப் போடுற மாதிரி.”

“உன் வேலைக்காக என் கொடியை வெட்டச் சொல்றியா?”

மகன் கோபப்படாமல் கணக்குச் சொன்னான். பிரிட்டனுக்குப் போகும் இந்திய பனியனுக்கு அங்கே அப்போது ஒன்பது சதவீதத்துக்கும் மேல் வரி இருந்தது. பங்களாதேஷ் பனியனுக்கு வரி இல்லை. 100 ரூபாய்க்கு இருவரும் ஒரே தரத்தில் கொடுத்தாலும், கடைக்காரருக்கு நம்முடையது 109 ரூபாயைத் தாண்டியது. ஆர்டர் எங்கே போகும்? ஆஸ்திரேலியாவிலும் முன்பு 5 சதவீதம் வரி இருந்தது. 2022 டிசம்பர் 29-ல் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அது போய்விட்டது. அதே வருடம் மே மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதம் வரை ஏற்றியபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட் குறைந்தது. அந்த நேரத்தில் வேறு சந்தைக் கதவு திறப்பது எவ்வளவு முக்கியம் என்று அங்கே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் தெரியும். அதில் பலர் மானாவாரி நிலம் கைவிட்டதால் ஊரை விட்டு வந்தவர்கள்.

“மிளகு விழுந்தப்ப வட்டி கட்டுனது இந்தச் சம்பளம்தானேப்பா” என்றான் மகன். அதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. ஆனால் 1,48,000 ரூபாய் இழப்பும் பொய்யில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாதான் குறுக்கே வந்தார். “ஏங்க, எல்லா ஒப்பந்தமும் வேண்டாம்னு ஏன் எழுதணும்? அந்த இங்கிலாந்து ஒப்பந்தத்துல பாலைச் சேர்க்கலைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். பாலை வெளியில வைக்க முடியுதுன்னா, எது உள்ள, எது வெளியன்னு யாரோ ஒக்காந்துதானே பட்டியல் போடுறாங்க? அவங்களைக் கேளுங்க.”

பட்டியல் யார் கையில்?

அந்த அம்மா கேட்டதில்தான் இந்த ஒப்பந்தங்களின் அரசியல் முழுவதும் இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் எல்லாப் பொருளும் வரியில்லாமல் வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றிலும் உடனே வரி நீக்கும் பொருள், மெதுவாகக் குறைக்கும் பொருள், தொடவே கூடாத பொருள் என்று பட்டியல்கள் உண்டு. பேசத் தெரிந்தவரின் பொருள், சத்தம் போட்டவரின் பொருள், பாதுகாப்பான பட்டியலில் ஏறும்.

ஆசியான் ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-ல் கையெழுத்தானது. அதே அக்டோபர் 2-ல் கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை அதை எதிர்த்து மனிதச் சங்கிலி நின்றது. மிளகு, காப்பி, தேயிலை, பாமாயில் ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் ‘சிறப்புப் பொருள்கள்’. அவற்றுக்கு வரி பூஜ்ஜியம் ஆகவில்லை, படிப்படியாக ஓர் அளவு வரைதான் குறைந்தது. தோட்டப் பயிர்க்காரர்களின் எதிர்ப்பு இல்லாவிட்டால் அந்த அளவு பாதுகாப்பும் கிடைத்திருக்காது.

2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் மற்ற 15 நாடுகள் சேரத் தயாராக இருந்த ‘ஆர்செப்’ ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. நியூஸிலாந்துப் பால்பவுடர் வந்து குவியும் என்று பால் கூட்டுறவு அமைப்புகள் வெளிப்படையாக எதிர்த்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஒப்பந்தங்களிலும் பால் பொருள்களுக்கு இந்தியா கதவைத் திறக்கவில்லை. காரணம், இரண்டு மாடு வைத்திருப்பவரும் ஒரு சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கங்களுக்குப் பின்னால் பேச ஆள் இருக்கிறது. 400 கொடி மிளகு வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு பலம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரசியல் சட்டப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகமும் ஒப்பந்தங்களும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. நஷ்டம் வந்தால் விவசாயி போய் நிற்பது மாநில வேளாண்துறையிடம். முடிவு எடுப்பதோ டெல்லியில் வர்த்தக அமைச்சகம். பெரியவர் குறைதீர் கூட்டத்தில் மிளகு இறக்குமதி பற்றிப் பேசியபோது, “ஐயா, இது எங்க கையில இல்லீங்க” என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார். அது உண்மையும்கூட.

நிலக்கடலைக்காரரின் நிலையும் இதுதான். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் அந்த அம்மாவுக்கு மாதச் செலவில் பெரிய உதவி. அதே எண்ணெய்தான் சமவெளியில் கடலை போடும் விவசாயியின் விலையைப் பிடித்து இழுக்கிறது. வாங்குகிறவருக்கு லாபம், விளைவிப்பவருக்கு நஷ்டம். நாட்டுக்கு மொத்தமாக லாபம் என்று கணக்குக் காட்டலாம். அந்த லாபத்தில் ஒரு பங்கை நஷ்டப்பட்டவருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு ஒப்பந்தத்தோடு சேர்ந்து வருவதில்லை.

மாற்றி எழுதிய மனு

பெரியவர் அந்தப் பழைய மனுவில் கையெழுத்துப் போடவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினார்கள். வர்த்தக அமைச்சகத்துக்கும், நறுமணப் பொருள் வாரியத்துக்கும், தொகுதி எம்.பி.க்கும் தனித்தனியாக அனுப்பினார்கள். அதில் ‘வேண்டாம்’ என்ற சொல் இல்லை. நான்கு கேள்விகளும் ஒரு கோரிக்கையும் இருந்தன.

ஒன்று, அடுத்து பேசப்படும் ஒப்பந்தத்தில் மிளகும் காப்பியும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன? இரண்டு, வரி குறையும் என்றால் எத்தனை வருடத்தில், எந்த அளவு வரை? மூன்று, வேறு நாட்டுச் சரக்கு மாற்றுப் பெயரில் வராமல் இருக்கப் பிறப்பிடச் சான்றை யார், எப்படிச் சோதிக்கிறார்கள்? நான்கு, இறக்குமதி திடீரென்று கூடி விலை விழுந்தால் சலுகையை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்தில் வழி இருக்கிறதா, அதைக் கேட்க விவசாயி யாரிடம் போக வேண்டும்?

கோரிக்கை இதுதான்: ஒப்பந்தத்தால் வரும் ஏற்றுமதி லாபத்தில் ஒரு பகுதியை, விலை விழும் பயிர்களுக்கான நிதியாக ஒதுக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை எழுதச் சொன்னது மகன். “எங்க கம்பெனிக்கு வரி மிச்சமாகுதுன்னா, அதுக்கு யாரோ விலை கொடுக்குறாங்கன்னுதானே அர்த்தம்” என்றான்.

நெல் போடுகிறவர், கடலை போடுகிறவர், ரப்பர் வெட்டுகிறவர், மாடு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது அந்த நான்கு கேள்விகளில் தன் பயிரின் பெயரைப் போட்டுக் கேட்கலாம். கையெழுத்து ஆன பிறகு கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும். பட்டியல் எழுதும்போதே கேட்டால் பட்டியலையே மாற்ற வைக்கலாம். பால்காரர்கள் அப்படித்தான் மாற்ற வைத்தார்கள்.